பதினெட்டுப் பொத்தான்களும் ஒரு பெயரும்



சென்ற திங்கள் இப்பகுதியில் மின்கட்டணச் சீட்டைப் படித்தறியும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தாராவித் தாயார் ஒருவர், சங்கத்தின் மாதக் கூட்டத்தில் என்னை வழிமறித்து, "தம்பி, மின்சாரச் சீட்டு இருக்கட்டும். என் மகன் கல்லூரியிலிருந்து வந்ததும் கணிப்பொறியின் முன் உட்காருகிறான். நள்ளிரவு கடந்தும் எழுவதில்லை. ஏனடா என்றால், 'பொத்தான் வேலை செய்யவில்லை அம்மா' என்கிறான். சட்டைப் பொத்தானாக இருந்தால் நான் தைத்துக் கொடுத்துவிடுவேன். இந்தப் பொத்தானுக்கு நான் என்ன செய்வது?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. அத்தகைய பொத்தான் ஒன்றினால் நம் பேட்டையில் ஒரு குடும்பத்தின் நற்பெயர் ஒரு வாரம் முழுவதும் ஊசலாடியதை நான் கண்டவன். அந்நிகழ்ச்சியையே இத்திங்கள் எழுதுகிறேன். தொழில்நுட்பம் கலந்த செய்தியாதலால் பெற்றோர் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கணிப்பொறி பயிலும் பிள்ளைகள் கையில் பென்சிலுடன் படிப்பது நலம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொறியாளன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடு காலம் கழிக்கும் எழுத்தன். கணிப்பொறி மொழியில் எனக்குள்ள சிற்றறிவு, காஞ்சூர்மார்க்கில் இறங்கிச் செல்லும் தொலைவில் உள்ள பவாய் ஐ.ஐ.டி.யின் கொடை. அங்கே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்கள் தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' என்னும் திட்டத்தில், கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறுசிறு பாடங்கள், ஏறத்தாழப் பத்து நிமிட அளவில், கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும் அவற்றுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள். மாலை மின்வண்டியில் நிற்க இடம் கிடைத்த நாள்களில் எல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கற்றவன் நான். ஆகவே நான் சொல்லப்போவது, கற்றவர் கல்லாதவர்க்குச் சொல்வதன்று. நேற்றுக் கற்றவன் இன்று கற்பவர்க்குச் சொல்வது.

நிகழ்ந்தது யாது?

லேபர் கேம்ப் பக்கத்தில் பதினெட்டுத் தாய்மார்கள் சேர்ந்து சேமிப்புக் குழு ஒன்று நடத்தி வருகிறார்கள். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று ஆளுக்கு ரூ. 200 செலுத்துவார்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊரில் ஒரு சாவு, மழைக்காலத்தில் கூரை ஒழுக்கு என்று எது வந்தாலும் அந்தப் பணத்திலிருந்தே கடன். கணக்கை அவ்வீதியின் மூத்த அம்மையார் ஒருவர் நீல அட்டை நோட்டில் எழுதி வந்தார். அவருக்குக் கண்பார்வை குறைந்தது. குழுவில் கடைசியாகச் சேர்ந்த ஓர் அத்தையின் அண்ணன் மகன், தந்தையை இழந்து அவர் வீட்டிலேயே வளர்ந்து கல்லூரியில் கணிப்பொறி பயில்பவன். "நான் ஒரு நிரல் எழுதித் தருகிறேன்" என்று அவன் முன்வந்தான்.

நல்ல நிரல்தான். திரையில் ஒரு சாளரம். அதில் பதினெட்டுப் பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஒரு தாயாரின் பெயர், தமிழில். பணம் தந்ததும் அவர் பெயருள்ள பொத்தானை அழுத்தினால், அவர் கணக்கில் ரூ. 200 ஏறும், 'பதிவாயிற்று' என்று திரை சொல்லும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தம் பெயரின் வடிவம் தெரியும். ஆதலால் அவர்களே தம் பொத்தானைத் தொட்டு மகிழ்ந்தார்கள்.

மாலையில் மொத்தக் கணக்குப் பக்கத்தைத் திறந்தார்கள். பதினேழு பேர் கணக்கில் ஒரு காசும் இல்லை. பதினெட்டாம் பெயரான அத்தையின் கணக்கில் ரூ. 3,600 ஏறியிருந்தது!

பெட்டியில் பணம் குறையவில்லை; எண்ணிப் பார்த்தபோது ரூ. 3,600 அப்படியே இருந்தது. ஆனால் கணக்கு எவர் பெயரில் இருக்கிறதோ பணமும் அவருடையது என்றல்லவா உலகம் கொள்ளும்? கூட்டத்தில் ஒருவர் வாய் திறக்கவில்லை. வெளியே வந்தபின் எல்லோரும் திறந்தார்கள். "இயந்திரம் தவறு செய்தால் பணம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும், இப்படிக் குறி பார்த்து ஒரே வீட்டுக்கா போகும்?" என்றார் ஒருவர். "அது பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதம் ஆயிற்றே" என்றார் இன்னொருவர். அத்தை மறுநாளிலிருந்து பொதுக் குழாயடிக்கு வரவில்லை. விடியுமுன் யாரும் இல்லாத வேளையில் வந்து தண்ணீர் பிடித்துச் சென்றார்.

நான் இங்கு மறைக்க விரும்பவில்லை. செய்தி என் காதுக்கு வந்த இரவு, நானும் ஐயுற்றேன். ஏடுகளோடு பழகியவன் ஆதலால், ஒரே பக்கம் சாயும் கணக்கைக் கண்டால் கை வைத்தவன் யார் என்று தேடுவதே என் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் இயந்திரத்தின் முன் செல்லாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். மனிதன் தவறினால் தவறு சிதறும். இயந்திரம் தவறினால் பெரும்பாலும் ஒழுங்காகவே தவறும். அந்த ஒழுங்குதான் உண்மையில் நமக்குக் கிடைத்த துப்பு.

கூப்பிட வரும் பையன்

அதை விளக்குமுன், பொத்தான் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். என் பாட்டனார் நீராவி எஞ்சின் காலத்தில் ஃபயர்மேனாக இருந்தவர். எஞ்சின் ஓட்டுநரும் ஃபயர்மேனும், 'என் வண்டி வந்ததா, என் வண்டி வந்ததா' என்று கொட்டகை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு உறங்கச் செல்வார்கள். வண்டி குறிக்கப்பட்டதும், 'கால்பாய்' எனப்படும் பையன் ஒருவன் நள்ளிரவானாலும் வந்து கதவைத் தட்டுவான். கையில் ஓர் ஏடு இருக்கும். எழுந்தவர் அதில் நேரம் குறித்துக் கையொப்பமிட வேண்டும். இன்று அந்த அழைப்பு கைப்பேசி வழியே போகிறது. ஆனால் முறை அதுவே.

சாளரமும் பொத்தானும் உள்ள நிரல்களும் இம்முறையில்தான் இயங்குகின்றன. பழைய நிரல்கள் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். இன்ன நேரத்தில் இன்னது என்பதை நிரலே முடிவு செய்யும். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் உருவான ஆல்ட்டோ என்னும் கணிப்பொறியும், 1984இல் ஆப்பிள் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த மாக்கின்டாஷும் சாளர முறையைப் பரப்பின. அம்முறையில் எதை எப்போது அழுத்துவது என்பதை முடிவு செய்பவர், இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர். அவர் எப்போது அழுத்துவார் என்று நிரலுக்குத் தெரியாது. ஆகவே நிரல் தன் வேலைகளைச் செயற்கூறுகளாக எழுதி, 'இந்தப் பொத்தான் அழுத்தப்பட்டால் இந்தச் செயற்கூற்றைக் கூப்பிடுக' என்று சாளரத்திடம் முகவரி கொடுத்துவிட்டு ஓய்கிறது. இவ்வாறு முகவரி கொடுத்து வைக்கப்படும் செயற்கூற்றையே 'கால்பேக்' என்கிறார்கள். 'நீங்கள் எங்களைக் கூப்பிட வேண்டா; நாங்களே உங்களைக் கூப்பிடுவோம்' என்று இத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உறங்காது காத்திருந்து, எந்தப் பொத்தான் அழுந்தியது எனக் கண்டு, உரிய செயற்கூற்றைக் கூப்பிடும் வேலையைச் செய்வது 'மெயின்லூப்' என்னும் முதன்மைச் சுழற்சி. நம் தம்பி பயன்படுத்தியது, 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழி. அதனோடு வரும் 'டிகின்டர்' என்னும் சாளரத் தொகுதியின் அடிப்படை, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் அவுஸ்டர்ஹவுட் என்பவர் உருவாக்கிய டி.கே. என்னும் கருவித்தொகுப்பு. அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் 'கமாண்ட்' என்று ஓர் இடம் உண்டு. முகவரி எழுதவேண்டிய இடம் அதுவே.

மூன்று கேள்விகள்

அடுத்த ஞாயிறு காலை அந்தத் தம்பி என் அறைக்கு வந்தான். ஒரு வாரத்தில் முகம் வாடியிருந்தது. "அண்ணாச்சி, நிரலை முப்பது முறை படித்துவிட்டேன். தவறு எங்கே என்று தெரியவில்லை. கல்லூரியை விட்டுவிட்டு ஏதாவது கடையில் சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன்" என்றான்.

"தம்பி, படித்தது போதும். கால்பாய் கொண்டுவரும் ஏடு ஒன்று உன் நிரலில் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. ஓட்டுநர் வேலைக்கு வராத நாளில், கொட்டகை மேற்பார்வையாளர் யாரையும் வைவதற்குமுன் அந்த ஏட்டைத்தான் திறப்பாராம். கூப்பிட்டார்களா? எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள்? எந்த வண்டிக்கு என்று சொல்லிக் கூப்பிட்டார்கள்? மூன்றும் ஏட்டில் இருக்கும். வழக்கு அத்துடன் தீரும். பொத்தான் பழுதையும் அப்படியே தீர்க்க வேண்டும். செயற்கூற்றின் முதல் வரியில், நேரத்தையும் தன் கைக்கு வந்த பெயரையும் அச்சிடுமாறு ஓர் ஆணை சேர்க்கச் சொன்னேன். அவ்வளவே ஏடு.

முதல் பொத்தானை அழுத்தினான். கூப்பிட்டது, நேரமும் சரி. கைக்கு வந்த பெயரோ அத்தையின் பெயர். ஐந்தாம் பொத்தான், அத்தையின் பெயர். பதினொன்றாம் பொத்தான், மீண்டும் அதே. பொத்தானின் முகத்தில் இருந்த பெயர் வேறு, செயற்கூற்றின் கையில் கிடைத்த பெயர் வேறு. முப்பது முறை படித்தும் தெரியாதது மூன்று முறை அழுத்தியதில் வெளிப்பட்டது.

காரணம் இதுதான். பதினெட்டுப் பொத்தான்களையும் தனித்தனியே எழுதாமல், பெயர்ப் பட்டியலை ஒரு சுற்றாகச் சுற்றி உண்டாக்கியிருந்தான். சுற்றின் ஒவ்வோர் அடியிலும் 'பெயர்' என்னும் மாறியில் ஒரு தாயாரின் பெயர் வந்து நிற்கும். பொத்தானின் முகத்தில் எழுதும்போது அந்த நொடியில் உள்ள பெயர் எழுதப்பட்டுவிடுகிறது. அதனால் முகங்கள் சரியாக அமைந்தன. ஆனால் 'கமாண்ட்' என்னும் இடத்தில், 'லாம்டா' என்னும் பெயரில்லாச் செயற்கூறு ஒன்றை வைத்து, 'பெயர் எவருடையதோ அவர் கணக்கில் செலுத்துக' என்று எழுதியிருந்தான். அந்த வரி, எழுதும்போது படிக்கப்படுவதன்று, அழுத்தும்போது படிக்கப்படுவது.

எங்கள் கொட்டகை மொழியில் சொன்னால், சுவரில் ஒரு கரும்பலகை. எழுத்தர் அதில் முதல் ஓட்டுநரின் பெயரை எழுதுகிறார்; கால்பாய்க்கு ஒரு சீட்டும் எழுதுகிறார். சீட்டில் ஓட்டுநரின் பெயரை எழுதாமல், 'பலகையில் உள்ளவரைக் கூப்பிடு' என்று எழுதுகிறார். பிறகு பலகையைத் துடைத்து இரண்டாம் பெயர். அதே வாசகத்தில் இரண்டாம் சீட்டு. இப்படிப் பதினெட்டுச் சீட்டு. இரவில் கால்பாய் எந்தச் சீட்டை எடுத்தாலும் பலகையைத்தான் பார்ப்பான். பலகையில் நிற்பது பதினெட்டாம் பெயர். பதினெட்டு முறையும் அதே கதவு தட்டப்படும். அந்த வீட்டுக்காரர் செய்த குற்றம், கடைசியில் சேர்ந்தது ஒன்றே.

இது தெரிந்ததும் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் சோதித்துப் பார்த்தேனே, அண்ணாச்சி" என்றான். எவர் பெயரை அழுத்திச் சோதித்தான் தெரியுமா? அத்தையின் பெயரை! பதினெட்டில் அந்த ஒன்றுதான் சரியாக வேலை செய்யும்.

திருத்தம் மிகச் சிறிது. லாம்டாவின் தலைப்பிலேயே 'பெயர் = பெயர்' என்று எழுத வேண்டும். வலப்பக்கம் உள்ளது பலகையின் பெயர். இடப்பக்கம் உள்ளது சீட்டின் பெயர். தலைப்பில் எழுதியது சீட்டு உண்டாகும் நொடியிலேயே படிக்கப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சீட்டும் தனக்குரிய பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 'பார்ஷியல்' என்னும் கருவியாலும் இதைச் செய்யலாம்.

இது நம் தம்பி ஒருவன் விழுந்த குழி என்று எண்ண வேண்டா. பைத்தான் மொழியினரே வெளியிட்டுள்ள 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பகுதியில் இதற்குத் தனிக் கேள்வியே உண்டு. மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியில் பலர் இதே பிழையில் அகப்பட்டதனால், 2012இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சுற்றின் விதியையே ஓரளவு மாற்றினார்கள். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டில், 2015ஆம் ஆண்டுத் தரத்தில் 'லெட்' என்னும் புதிய சொல் சேர்க்கப்பட்டது. அச்சொல்லால் மாறியை அமைத்தால், சுற்றின் ஒவ்வோர் அடிக்கும் தனித் தனி மாறி கிடைக்கும். கூகுள் நிறுவனத்தில் பிறந்த கோ மொழி, 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் இதே காரணத்துக்காகத் தன் சுற்றை மாற்றியது. உலகின் பெரிய மொழிகளே தம் இலக்கணத்தைத் திருத்திக்கொள்ள நேர்ந்த பிழையை, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் தாராவியில் செய்தான் என்றால், அதில் கள்ளமும் இல்லை, அவமானமும் இல்லை. பைத்தான் மட்டும் பழைய விதியிலேயே நிற்கிறது. எனவே அதைப் பயில்பவர் தாமே விழிப்பாக இருக்க வேண்டும்.

அன்று மாலை குழு கூடியது. தம்பி அத்தையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அவர் வாயிற்படியருகில் அமர்ந்தார். தம்பி எல்லோர் முன்னிலையிலும் பழைய நிரலை ஒருமுறை இயக்கி, தவறு எப்படி நேர்ந்தது என்பதைக் கரும்பலகைக் கதையாகவே சொன்னான். பிறகு புதிய நிரலைத் திறந்தான். அதில் 'பதிவாயிற்று' என்னும் சொல்லோடு, எவர் பெயரில் எத்தனை மணிக்கு என்பதும் பெரிய எழுத்தில் வந்தது. பதினெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தம் பொத்தானை அழுத்தித் தம் பெயரைக் கண்டார்கள். முன் மாதக் கணக்கை அவரவர் கையட்டையைக் கொண்டு நேர் செய்தோம்.

நீல நோட்டு அம்மையார் எழுந்து சென்று அத்தையின் அருகில் அமர்ந்து, "நீ குழாயடிக்கு வராமல் எனக்குப் பேச்சுத் துணையே இல்லை" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. அத்தை மட்டும் ஒன்று கேட்டார்: "இனி என் பெயரைக் கடைசியில் வைக்காதே, அப்பா." தம்பி அதைப் பட்டியலின் நடுவில் வைத்தான். நான் ஐயுற்றதை அவர்கள் இருவரிடமும் அன்றே சொல்லிவிட்டேன். சொல்லாதிருந்தால் இக்கட்டுரையை எழுத எனக்கு உரிமை இருந்திராது.

மற்ற நான்கு பழுதுகள்

இத்துறையில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால், இதே இனத்தைச் சேர்ந்த வேறு நான்கு பழுதுகளையும், அவற்றின் குறிகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பொத்தானைத் தொடாதபோதே வேலை நடந்துவிடும்; பிறகு தொட்டால் ஒன்றும் நடக்காது. 'கமாண்ட்' என்னும் இடத்தில் செயற்கூற்றின் பெயரை மட்டும் எழுதாமல், அதன் பின்னே அடைப்புக்குறி இரண்டையும் எழுதியிருப்பார்கள். அடைப்புக்குறி போட்டால் 'இப்போதே செய்' என்று பொருள். முகவரியைத் தருவதற்குப் பதிலாக, அந்தக் கணமே ஓட்டுநரை எழுப்பி வேலை வாங்கிவிட்டு, கால்பாய் கையில் வெற்றுத் தாளைத் திணிப்பது போன்றது இது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் பழுது தீரும். இத்தனை நேரம் கழித்துச் செய் என்று சொல்லும் 'ஆஃப்டர்' ஆணையிலும் இதே தவறு நேர்வதுண்டு.

இரண்டாவது, அழுத்தியதும் 'ஒன்று கொடுக்கப்பட்டது, ஏற்க இடமில்லை' என்ற பொருளில் பிழைச் செய்தி வரும். டிகின்டரில் முகவரி கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. 'கமாண்ட்' வழியாகக் கூப்பிட்டால் வெறுங்கையோடு வருவான். 'பைண்ட்' வழியாகக் கூப்பிட்டால், எந்த விசை, திரையில் எந்த இடம் என்ற விவரங்கள் அடங்கிய பொட்டலம் ஒன்றைக் கையில் கொண்டு வருவான். அதை வாங்கிக்கொள்ள செயற்கூற்றில் ஓர் இடம் வைக்க வேண்டும். மேலே சொன்ன 'பெயர் = பெயர்' திருத்தத்தைப் பைண்டில் அப்படியே எழுதினால், அந்தப் பொட்டலம் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆதலால் பொட்டலத்துக்கு முதலிடமும் பெயருக்கு இரண்டாம் இடமும் தர வேண்டும்.

மூன்றாவது, பொத்தானை அழுத்தியதும் சாளரம் முழுவதும் உறைந்து, 'பதிலளிக்கவில்லை' என்று வரும். முதன்மைச் சுழற்சி என்பது ஒற்றைக் கவுண்டர். அங்குள்ள எழுத்தர் ஒருவருக்குச் சில்லறை மாற்ற மாதுங்கா கடைவீதி வரை போய்விட்டால், வரிசை முழுவதும் நிற்கத்தானே வேண்டும்? செயற்கூறு தன் வேலையை விரைவில் முடித்துத் திரும்ப வேண்டும். நெடு நேர வேலையானால், அதைச் சிறு துண்டுகளாக்கி 'ஆஃப்டர்' மூலம் இடைவிட்டுச் செய்யலாம்; அல்லது தனி இழை ஒன்றில் நடத்தலாம். தனி இழை, சாளரத்தின் உறுப்புகளைத் தானே தொடாமல், முடிவை வரிசை ஒன்றில் வைத்துவிட்டுப் போவதே நன்று. கவுண்டரில் உள்ளவர் அதை எடுத்துக்கொள்வார்.

நான்காவது, மிகவும் வஞ்சகமானது. அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. டிகின்டர், செயற்கூற்றில் பிழை நேர்ந்தாலும் சாளரத்தை மூடுவதில்லை. பிழைச் செய்தியைப் பின்னால் உள்ள கரிய முனையச் சாளரத்தில் எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடும். படத்தைத் தட்டி நிரலைத் திறப்பவர்க்கு அந்த முனையமே இராது. செய்தி காற்றோடு போகும். எனவே பழுது பார்க்கும்போது நிரலை முனையத்திலிருந்தே இயக்க வேண்டும். பிறர் கையில் தரும் நிரலானால், பிழைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கென்றே 'ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்' என்னும் இடம் டிகின்டரில் உண்டு.

இந்த நான்குக்கும், நம் தம்பியின் ஐந்தாவதுக்கும் மருந்து வேறு வேறாயினும், நோயறியும் வழி ஒன்றே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

கூட்டத்தில் என்னைக் கேட்ட தாயாருக்கு இப்போது விடை சொல்கிறேன். அம்மா, உங்களுக்குக் கணிப்பொறி தெரிய வேண்டியதில்லை. அடுத்த முறை நள்ளிரவில் உங்கள் மகன் 'பொத்தான் வேலை செய்யவில்லை' என்றால், 'படுத்துக்கொள்' என்று விளக்கை அணைக்குமுன், அருகில் அமர்ந்து இந்த மூன்றைக் கேளுங்கள்: "கூப்பிட்டார்களா? எப்போது கூப்பிட்டார்கள்? எதைக் கையில் கொடுத்துக் கூப்பிட்டார்கள்?" பெரும்பாலான பழுதுகளை, இம்மூன்றுக்கும் அவன் வாய்விட்டு விடை சொல்லும்போதே அவன் கண்டுகொள்வான். பிறர்க்கு எடுத்துச் சொல்லும்போது தன் தவறு தனக்கே புலப்படுவது மனித இயல்பு. அதற்குக் கேட்பவர் பொறியாளராக இருக்க வேண்டுவதில்லை. பொறுமையுள்ளவராக இருந்தால் போதும்.

ஊரைவிட்டு வந்து, ஒரு அறையில் ஐவர் அறுவராக வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நமக்கு நற்பெயரே முதல். அந்தப் பெயரை இனி இயந்திரங்களும் எழுதப்போகின்றன. ரேஷன் அட்டையில், வங்கியில், மருத்துவமனையில் எங்கேனும் நம் பெயருக்கு எதிரே தவறான கணக்கு ஏறியிருந்தால், 'யார் செய்தார்' என்று ஒருவரை நோக்கி விரல் நீட்டுமுன், 'எது ஒப்படைக்கப்பட்டது' என்று ஏட்டைக் கேட்போம். ஏடு இல்லாத இடத்தில், ஏடு வைக்கச் சொல்வோம்.

அந்தத் தம்பி கல்லூரியை விடவில்லை. சேமிப்புக் குழுவின் கணக்கை இன்றும் அவன் நிரலே எழுதுகிறது. நீல அட்டை நோட்டும் அதன் அருகிலேயே இருக்கிறது. அதையும் மாதந்தோறும் அவனே எழுதுகிறான். "இயந்திரம் தவறினால் ஒத்துப்பார்க்க ஒன்று வேண்டும், அண்ணாச்சி" என்கிறான். நான் மறுக்கவில்லை.

அடுத்த திங்கள், ஊருக்குப் பணம் அனுப்பும்போது கைப்பேசியில் நேரும் தடைகளைப் பற்றிப் பேசுவோம்.